ஒரே ஸ்கிரிப்ட் என்றால் ஒரே மாட்யூல்தானா? சிஸ்டம்டேப் கேச் முடிவெடுக்கும் விதம்

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரை நிறுத்தாமல் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவிகளில் சிஸ்டம்டேப் மூத்த தலைமுறை. ரெட் ஹேட், ஐபிஎம், இன்டெல் நிறுவனங்களின் பொறியாளர்கள் 2005-ல் இதைத் தொடங்கினார்கள். ஹிட்டாச்சியும் பிறகு சேர்ந்துகொண்டது. இன்ன ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது இன்னதைக் கணக்கெடு என்று சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, எஸ்-டி-ஏ-பி என்ற நாலெழுத்துக் கட்டளையிடம் கொடுத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கொடுத்த உடனே பதில் வராது. பத்து வரி ஸ்கிரிப்டாக இருந்தாலும் முதல் தடவை பல விநாடி காத்திருக்க வேண்டும். அதே ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் வெகு சீக்கிரம் வேலையைத் தொடங்கிவிடும். முதல் தடவை கம்பைல் செய்த மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏற்றி ஓட்டும் துண்டு நிரலை, சிஸ்டம்டேப் தூக்கி எறியாமல் கேச் என்ற சேமிப்பிடத்தில் வைத்திருப்பதுதான் காரணம்.

சேலத்தில் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் சின்னச் சின்ன அலுவலகங்களில் உட்கார்ந்து சர்வர் பராமரிப்பு பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். நம் கையில் இருப்பவை ஜவ்வரிசி ஆலையின் பில்லிங் மெஷின், கொலுசு வியாபாரியின் கணக்கு சர்வர் போன்றவைதான். பெரும்பாலும் இரண்டு கோர், நாலு ஜிபி மெமரி. அப்படிப்பட்ட மெஷினில் சி கம்பைலர் முழு மூச்சாக ஓடினால், எந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்கப் போனோமோ அதோடு நாமே உண்டாக்கிய தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும். பில் போடும் பையன் காத்திருப்பான், வண்டி எடைமேடையில் நிற்கும். எனவே கேச்சில் இருந்து எடுத்து ஓட்டுவது நம் நேரத்தை மிச்சப்படுத்துவதோடு, அளக்கப்படும் பொருளைத் தொந்தரவு செய்யாமல் அளக்கவும் உதவுகிறது.

ஆனால் கேச்சை வேகத்துக்கான ஏற்பாடாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஏற்கெனவே செய்து வைத்த மாட்யூலை எடுத்து ஓட்டலாமா, கூடாதா என்று அது எப்படி முடிவு செய்கிறது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அந்த முடிவு தவறினால் விளைவு கெர்னலுக்குள் போய் விழும்.

ஐந்து பாஸ்

சிஸ்டம்டேப் தன் வேலையை ஐந்து பாஸாக, அதாவது ஐந்து கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. முதல் பாஸில் உங்கள் ஸ்கிரிப்டையும், கூடவே டேப்செட் எனப்படும் நூற்றுக்கணக்கான நூலக ஸ்கிரிப்டுகளையும் வாசிக்கிறது. இரண்டாவதில் நீங்கள் குறிப்பிட்ட பெயர்களுக்கெல்லாம் பொருள் தேடுகிறது: இந்த ஃபங்ஷன் இந்தக் கெர்னலில் எந்த முகவரியில் இருக்கிறது, அந்த மாறி எந்த ரெஜிஸ்டரில் கிடைக்கும் என்பதையெல்லாம், கெர்னலைக் கம்பைல் செய்தபோது பதிவான விவரத் தொகுப்பான டிபக்இன்ஃபோவில் இருந்து எடுக்கிறது. மூன்றாவதில் எல்லாவற்றையும் சி மொழியில் எழுதுகிறது. நான்காவதில் கெர்னலின் பில்ட் முறையைக் கூப்பிட்டு அந்த சி கோப்பைக் கெர்னல் மாட்யூலாகக் கம்பைல் செய்கிறது. ஐந்தாவதில் ஸ்டாப்ரன் என்ற துணை நிரல் அந்த மாட்யூலைக் கெர்னலில் ஏற்றி ஓட்டுகிறது. நீங்கள் கன்ட்ரோல்-சி அடித்ததும் இறக்கிவிடுகிறது.

பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் நான்காவது பாஸ்தான் நேரத்தை அதிகம் தின்னும். மைனஸ் வி போட்டு ஓட்டினால் ஒவ்வொரு பாஸுக்கும் எத்தனை மில்லிவிநாடி ஆனது என்று திரையில் வரும். இரண்டாவது தடவை ஓட்டும்போது மூன்றாவது, நான்காவது பாஸ்களுக்கு நேரே கேச்சில் இருந்து எடுத்தேன் என்ற செய்தியும் ஒரு கோப்பின் பாதையும் இருக்கும். அந்தப் பாதை உங்கள் ஹோம் டைரக்டரியில் மறைந்திருக்கும் சிஸ்டம்டேப் ஃபோல்டருக்குள் கேச் என்ற இடத்துக்குப் போகிறது.

அங்கே போய்ப் பாருங்கள். இரண்டெழுத்துப் பெயருள்ள ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். ஏதாவது ஒன்றைத் திறந்தால் கட்டளையின் பெயரில் தொடங்கி, 32 எழுத்து நீளத்துக்கு எண்ணும் எழுத்தும் கலந்து, கடைசியில் ஒரு கீழ்க்கோடும் ஓர் எண்ணும் கொண்ட கோப்புப் பெயர்கள் தெரியும். அந்த 32 எழுத்துதான் ஹேஷ், உள்ளே போன தகவலைச் சுருக்கி எடுத்த அடையாளக் குறி. அதன் முதல் இரண்டு எழுத்துதான் ஃபோல்டரின் பெயர். கடைசி எண், ஹேஷ் போடுவதற்காக எத்தனை பைட் தகவல் உள்ளே போனது என்பதைச் சொல்கிறது. ஒரே பெயரில் சி கோப்பு ஒன்றும் மாட்யூல் கோப்பு ஒன்றும் இருக்கும். பக்கத்திலேயே ஒரு லாக் கோப்பும் உண்டு: ஹேஷில் என்னென்ன சேர்த்தேன் என்று சிஸ்டம்டேப் தானே எழுதி வைத்த பட்டியல் அது. கேச் ஏன் கைகொடுக்கவில்லை என்று குழம்பும்போது, இரண்டு லாக்குகளை அருகருகே திறந்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எதைச் சேர்த்து ஹேஷ் போடுவது

ஸ்கிரிப்ட் கோப்பை அப்படியே எடுத்து ஹேஷ் போட்டால் போதாதா என்று தோன்றும். போதாது. வி-எஃப்-எஸ் என்று தொடங்கும் எல்லா ஃபங்ஷனிலும் புரோப், அதாவது கண்காணிப்புப் புள்ளி, வை என்று நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருந்தால், அது எந்தெந்த ஃபங்ஷன்களைக் குறிக்கிறது என்பது கெர்னலுக்குக் கெர்னல் மாறும். ஸ்கிரிப்ட் மாறாமலே டேப்செட் நூலகம் அப்டேட்டில் மாறியிருக்கலாம். எழுத்து ஒன்றேயானாலும் பொருள் வேறாகிவிடும்.

அதனால் சிஸ்டம்டேப் இரண்டாவது பாஸ் முடியும் வரை பொறுத்திருக்கிறது. நட்சத்திரக் குறிகள் விரிந்து, பெயர்கள் எல்லாம் தீர்ந்து, நூலகத்தில் இருந்து தேவையானவை வந்து சேர்ந்த பிறகு, அந்த முழு வடிவத்தை எழுத்தாக்கி அதற்கு ஹேஷ் போடுகிறது. கூடவே சேர்ப்பவை: கெர்னல் ரிலீஸ், கெர்னல் பில்ட் மரத்தின் பாதை, பிராசஸர் வகை, சிஸ்டம்டேப் ரன்டைம் இருக்கும் இடம், சிஸ்டம்டேப்பின் பதிப்பு, ஜிசிசி கம்பைலரின் பாதை, அந்தக் கோப்பின் அளவு, அது கடைசியாக மாறிய நேரம். கட்டளை வரியில் மைனஸ் கேபிடல் டி போட்டுக் கொடுக்கும் மேக்ரோக்களும் கணக்கில் உண்டு. ஜிசிசி அப்டேட் ஆகியிருந்தால், ஸ்கிரிப்டிலும் கெர்னலிலும் ஒரு எழுத்து மாறாவிட்டாலும், பழைய மாட்யூலைத் தொடாமல் புதிதாகக் கம்பைல் செய்துவிடும்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. கேச்சில் மாட்யூல் தயாராக இருந்தாலும் முதல் இரண்டு பாஸ்களை ஒவ்வொரு தடவையும் ஓட்டியே ஆகவேண்டும். டிபக்இன்ஃபோ பெரிதாக இருந்தால் இரண்டாவது பாஸே சில விநாடி எடுக்கும். இரண்டாவது ஓட்டமும் கண் இமைக்கும் நேரத்தில் தொடங்காததற்கு இதுதான் காரணம். அந்த விலையைக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்பது என் கருத்து. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒரு டிசைனுக்கு அச்சு வெட்டி வைத்துவிட்டால் அப்புறம் எத்தனை ஜோடி வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் தகட்டின் தடிமன் மாறினால் அந்த அச்சு ஒத்துவராது. அங்கே பொருந்தாத அச்சால் போவது ஒரு தகடுதான், உருக்கி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கெர்னலில் அப்படி இல்லை. தவறான முகவரியில் புரோப் வைத்த மாட்யூல் ஏறிவிட்டால் மெஷினே விழுந்துவிடலாம், எழுதிக்கொண்டிருந்த தரவும் கூடப் போகலாம். தேவையில்லாமல் பத்து தடவை கம்பைல் செய்தாலும் பரவாயில்லை, தவறாக ஒரு தடவைகூடப் பழைய மாட்யூலை எடுத்துவிடக் கூடாது என்ற பக்கம்தான் இந்த வடிவமைப்பு சாய்ந்து நிற்கிறது.

ஹேஷை மட்டும் நம்பியும் இல்லை. மாட்யூலை ஏற்றும்போது, அந்த மாட்யூல் எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆனது என்று அதற்குள் இருக்கும் குறிப்பைக் கெர்னல் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தாவிட்டால் ஏற்றாது. அதோடு சிஸ்டம்டேப் மாட்யூலும் தன் பங்குக்குக் கெர்னலின் பில்ட் ஐடியைச் சரிபார்க்கும். பெயரும் பதிப்பும் ஒன்றாக இருந்து, உள்ளே வேறாகக் கம்பைல் செய்யப்பட்ட கெர்னலாக இருந்தால் அந்த இடத்தில் பிடிபட்டுவிடும்.

ஹேஷ் போடும் முறை எம்டி4. ரொனால்ட் ரிவெஸ்ட் 1990-ல் உருவாக்கியது. பாதுகாப்பு வேலைக்கு உதவாது என்று எப்போதோ கைவிடப்பட்டது. இதைக் கேட்டதும் சிலருக்குத் திக்கென்று இருக்கும். ஆனால் கேச்சில் அதன் வேலை ஆளை மறிப்பது இல்லை, ஒரே மாதிரியானதை அடையாளம் காண்பது மட்டும்தான். கேச் ஃபோல்டருக்குள் எழுதும் உரிமை அதன் சொந்தக்காரருக்கே இருப்பதால், திருட்டு மாட்யூலை வைக்க நினைப்பவன் ஹேஷை உடைக்கத் தேவையில்லை, முதலில் அந்தக் கணக்கையே பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் எம்டி4 ஆனாலும் வேறெது ஆனாலும் ஒன்றுதான். கவலைப்பட வேண்டியது அந்த ஃபோல்டரின் அனுமதிகளைப் பற்றி. ஸ்டாப்டெவ் என்ற குழுவில் ஒருவரைச் சேர்ப்பது ஏறக்குறைய ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமை கொடுப்பதற்குச் சமம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரே ஸ்கிரிப்டை இரண்டு டெர்மினலில் ஒரே நேரத்தில் ஓட்டினால் கேச்சில் இருந்து ஒரே பெயருள்ள மாட்யூல்தான் இரண்டுக்கும் வரும். ஒரே பெயரில் இரண்டு மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. அதனால் ஏற்றும் நேரத்தில் மாட்யூலுக்குள் இருக்கும் பெயரையே ஸ்டாப்ரன் மாற்றி, பிராசஸ் எண்ணைச் சேர்த்து, தனிப் பெயராக்கிவிடுகிறது. எல்எஸ்மாட் கட்டளையில் தெரியும் பெயரும் கேச்சில் உள்ள கோப்பின் பெயரும் முழுக்கப் பொருந்தாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

எண்ணை மாற்றினால் ஏன் மறுபடி கம்பைல் ஆகிறது

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு நாள் வந்து கேட்டார்: “அண்ணா, நேத்து டக்குன்னு ஓடுச்சுங்க, இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம் நிக்குது?”

“ஸ்கிரிப்டுல ஏதாவது மாத்துனியாப்பா?”

“இல்லீங்கண்ணா. பில்லிங் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுனேன், பிராசஸ் ஐடி மட்டும் புதுசு. அதைத்தான் கட்டளைல குடுத்தேன்.”

அந்த ஒன்றே போதும். டாலர் 1 என்று ஸ்கிரிப்டில் எழுதி, கட்டளை வரியில் எண்ணைக் கொடுக்கும் முறை ஷெல் ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்குக் கைவந்தது. ஆனால் சிஸ்டம்டேப்பில் அந்த எண் முதல் பாஸிலேயே ஸ்கிரிப்டுக்குள் ஒட்டப்பட்டுவிடுகிறது. அதற்கப்புறம் நீங்களே அந்த எண்ணைத் தட்டச்சு செய்த மாதிரிதான். எண் வேறு என்றால் ஹேஷ் வேறு, மாட்யூலும் வேறு. ஒரு நாளில் இருபது பிராசஸ்களைப் பார்த்தால் இருபது தடவை கம்பைல் ஆகும், கேச்சில் இருபது மாட்யூல் உட்கார்ந்திருக்கும், மறுநாள் அவற்றில் ஒன்றுகூட உதவாது.

இதற்கு இரண்டு வழிகள் கருவியிலேயே இருக்கின்றன. பார்க்க வேண்டியது ஒரு பிராசஸ் என்றால், ஸ்கிரிப்டில் எண்ணுக்குப் பதிலாக டார்கெட் என்ற ஃபங்ஷனோடு ஒப்பிட்டு எழுதி, ஓட்டும்போது மைனஸ் எக்ஸ் போட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் ஏற்றும் நேரத்தில்தான் மாட்யூலுக்குப் போய்ச் சேரும். வேறு ஏதாவது வரம்பு, உதாரணமாக இத்தனை மில்லிவிநாடிக்கு மேல் ஆனால் மட்டும் அச்சிடு என்ற மாதிரி என்றால், அதை குளோபல் மாறியாக அறிவித்து ஒரு தொடக்க மதிப்பும் கொடுத்துவிட்டு, மைனஸ் கேபிடல் ஜி வழியாக மாறியின் பெயரையும் புதிய மதிப்பையும் கொடுக்கலாம். இதுவும் ஏற்றும் நேரத்தில் நடப்பதால் மாட்யூல் மாறாது. மதிப்பை 50 என்றும் 500 என்றும் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஒரே கேச் கோப்புதான் வேலை செய்யும்.

எது ஸ்கிரிப்டின் உருவத்தைச் சேர்ந்தது, எது ஓடும்போது மட்டும் தேவைப்படுவது என்று எழுதும்போதே பிரித்துவிட வேண்டும் என்று நான் புதியவர்களிடம் அடித்துச் சொல்வேன். தம்பி அந்த இரண்டு வரியை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

மறைவாக நடக்கும் இன்னும் சில சேமிப்புகளும் உண்டு. கெர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், இந்தக் கெர்னலில் இன்ன வசதி இருக்கிறதா என்று சின்னச் சின்ன சி கோப்புகளைக் கம்பைல் செய்து சோதித்து, விடைகளை ஒரு ஹெடர் கோப்பில் சிஸ்டம்டேப் எழுதி வைக்கிறது. அதுவும் கேச்சுக்குப் போகிறது. கெர்னலை எழுதியவர்களே முன்கூட்டிக் குறித்து வைத்த கண்காணிப்பு இடங்களான டிரேஸ்பாயின்ட்களைத் தேடுவதற்காகக் கட்டும் சோதனை மாட்யூல்களும் அப்படித்தான். புதுக் கெர்னலில் முதல் டிரேஸ்பாயின்ட் ஸ்கிரிப்ட் வழக்கத்தைவிட மெதுவாக ஓடி, அடுத்து வேறொரு ஸ்கிரிப்ட் கொடுத்தால்கூட வேகமாக ஓடுவது இதனால்தான்.

கேச்சின் அளவு இயல்பாக 256 மெபிபைட்டுக்குள் வைக்கப்படும். கேச் ஃபோல்டரில் இருக்கும் ஒரு சின்னக் கோப்பில் அந்த எண் மட்டும் எழுதியிருக்கும், மாற்றிக்கொள்ளலாம். சுத்தம் செய்வதற்கு 300 விநாடி இடைவெளி என்று இன்னொரு கோப்பு சொல்லும். இடையில் வரம்பைக் கொஞ்சம் தாண்டுவது இயல்புதான். கேச் வேண்டாம் என்றால் நிறுத்தவும், இருப்பதைப் பார்க்காமல் புதிதாகச் செய்து எழுதவும் தனித்தனி ஆப்ஷன்கள் இருக்கின்றன. மைனஸ் கே போட்டுத் தற்காலிக ஃபோல்டரை வைத்துக்கொள்ளச் சொன்னாலோ, மைனஸ் எம் போட்டு மாட்யூலுக்குச் சொந்தப் பெயர் வைத்தாலோ கேச் தானாக ஒதுங்கிவிடும்.

மலை மேல் இருக்கும் மெஷினுக்கு

சொந்தப் பெயர் வைப்பதற்கு நல்ல பயன் ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு விடுதியிலோ காபி எஸ்டேட் அலுவலகத்திலோ நம் பராமரிப்பில் ஒரு மெஷின் இருக்கிறது என்று வையுங்கள். மழை பிடித்தால் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அங்கே கெர்னல் டிபக்இன்ஃபோவை இறக்குவது என்றால் நூற்றுக்கணக்கான எம்பி. கம்பைலரும் ஹெடர்களும் அதற்கு மேல். அதெல்லாம் அங்கே தேவையே இல்லை. கீழே சேலத்தில் டிபக்இன்ஃபோவும் கம்பைலரும் உள்ள ஒரு மெஷினில், மைனஸ் ஆர் போட்டு மலை மேல் இருக்கும் கெர்னலின் பதிப்பைச் சொல்லி, நான்காவது பாஸோடு நிறுத்தச் சொன்னால் மாட்யூல் கோப்பு கையில் வந்துவிடும். டிபக்இன்ஃபோவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது, அறுந்து அறுந்து வரும் இணைப்பிலும் ஏறிவிடும். அந்த மெஷினில் சிஸ்டம்டேப்பின் ரன்டைம் பேக்கேஜ் மட்டும் இருந்தால் போதும், ஸ்டாப்ரன் அதை ஓட்டும். கெர்னல் பதிப்பும் பிராசஸர் வகையும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

ரூட் உரிமை கொடுக்க விரும்பாத இடங்களிலும் இது உதவும். நிர்வாகி சோதித்துப் பார்த்த மாட்யூல்களைக் கெர்னலின் மாட்யூல் டைரக்டரிக்குள் சிஸ்டம்டேப் என்ற துணை ஃபோல்டரில் வைத்துவிட்டால், ஸ்டாப்யூசர் குழுவில் இருப்பவர்கள் அவற்றை ஓட்டலாம், நினைத்ததையெல்லாம் ஏற்ற முடியாது. இதையும் ஒரு கேச் என்றே சொல்லலாம், என்ன, ஹேஷுக்குப் பதிலாக ஒரு மனிதர் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பல வாடிக்கையாளர்கள் உள்ள இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எல்லாக் கருவிகளுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. சன் நிறுவனம் 2005-ல் சோலாரிஸ் 10-ல் வெளியிட்ட டிடிரேஸ், ஸ்கிரிப்டை ஒரு பைட்கோடாக மாற்றி, கெர்னலுக்குள் இருக்கும் சின்ன இன்டர்பிரட்டரில் ஓட்டியது. சி கம்பைலர் உள்ளே வராததால் சேமித்து வைக்கவும் அவசியமில்லை. சின்ன நிரல்களைக் கெர்னலுக்குள்ளேயே ஓட்டும் இபிபிஎஃப் வசதியைப் பயன்படுத்தும் இன்றைய கருவிகளும் பைட்கோடுதான் கொடுக்கின்றன. கெர்னலின் வெரிஃபையர் முதலில் சரிபார்க்கிறது, பிறகு மெஷின் கோடாக மாற்றுகிறது. பிபிஎஃப்டிரேஸ் கருவி எல்எல்விஎம் துணையோடு ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்தாலும், கெர்னல் பில்ட் முறையைக் கூப்பிடாததால் சீக்கிரம் முடித்துவிடுகிறது.

கம்பைல் ஒரு தடவை, ஓட்டுவது எங்கும் என்ற கோ-ரீ முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கெர்னல் தன் டேட்டா அமைப்புகளின் விவரத்தை பிடிஎஃப் என்ற சுருக்கமான வடிவில் தன்னோடே வைத்திருக்கிறது. ஏற்றும் நேரத்தில் அதைப் பார்த்து, எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று நிரல் திருத்தப்படுகிறது. அதாவது, வேறு கெர்னல் என்றால் பழையதைத் தூக்கிப் போடு என்ற சிஸ்டம்டேப்பின் முடிவுக்குப் பதிலாக, பழையதைத் திருத்தி எடுத்துக்கொள் என்ற முடிவு. புதிய மெஷின்களுக்கு இதைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

ஆனால் நம் பக்கத்து ஆலைகளிலும் கடைகளிலும் 3.10 கெர்னலோடு ஓடும் மெஷின்களை இன்னும் பார்க்கலாம். அந்தக் கெர்னலோடு வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கான வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-ல் முடிந்துவிட்டது, இருந்தும் ஓடுகிற பில்லிங்கைத் தொட யாருக்கும் மனம் வருவதில்லை. அவற்றில் பிடிஎஃப் கிடையாது. அங்கே கெர்னலுக்குள் நினைத்த இடத்தில் நினைத்ததைப் பார்க்க சிஸ்டம்டேப்தான் வசதியான வழி. கெர்னல் அப்டேட்டே வராத மெஷின் என்பதால், ஒரு தடவை கம்பைல் செய்த மாட்யூல் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அப்படியே கேச்சில் இருந்து எழுந்து ஓடும்.